அரளிப் பருந்தின் பச்சை கேமராவில் ஏன் கடுகு மஞ்சளாகிறது?

ஒடுகத்தூர் கயல் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஒடுகத்தூரைத் தாண்டி ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்கள் பாட்டி வீடு இருக்கிறது. மழை விட்ட இரவுகளில் பின்கட்டுச் சுவரில் ஒரு வேட்டியைக் கட்டி, பக்கத்தில் ஒரு யூவி (புற ஊதா) டியூபும் 12 வாட் எல்இடி பல்பும் எரியவிட்டு, வந்து உட்காரும் அந்துப்பூச்சிகளை மேக்ரோவில் எடுக்கிறேன். கிராப் சென்சார் கேமரா, 90 மி.மீ. மேக்ரோ லென்ஸ், சாதாரண ஃபிளாஷ் ஒன்று. அவ்வளவுதான் கையில் இருக்கிறது.

கூர்மை, ஃபோகஸ் எல்லாம் ஓரளவு பிடிபட்டுவிட்டது. நிறம்தான் தகராறு. அரளிப் பருந்து என்கிற அந்துப்பூச்சி (டாப்னிஸ் நேரி) எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வரும். வாசலில் நந்தியாவட்டை இருக்கிறது, அதன் புழுவுக்கு அந்த இலை பிடிக்கும். கண்ணால் பார்க்கும்போது இறக்கை நல்ல பாசிப்பச்சை, குறுக்கே ரோஜா நிறத்தில் ஒரு பட்டை. படத்தில் பார்த்தால் பச்சை கடுகு மஞ்சளாகவும் ரோஜா பழுப்பாகவும் ஆகிவிடுகிறது. அதே பூச்சி காலையில் சுவர் நிழலில் உட்கார்ந்திருக்கும்போது போனில் எடுத்தால் நீலப்பச்சை. லேப்டாப்பில் போட்டால் இரண்டுமே மங்கல். பாட்டி எட்டிப்பார்த்துவிட்டு, "நேத்து ராத்திரி வந்தது இது இல்லடி" என்கிறார்.

வேட்டி வெள்ளைதானே என்று, கணினியில் அந்த சொட்டுக்குழாய் அடையாளத்தை வேட்டிமேல் வைத்து ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறச் சமநிலை, சரிசெய்தேன். மஞ்சள் இன்னும் கூடிவிட்டது! இது ஏன்? செலவு அதிகம் வைக்காத வழி இருந்தால் சொல்லுங்கள்.

ராணிப்பேட்டை மணி:

ரா ஃபைலில் (கேமரா திருத்தாத மூலப் பதிவு) எடுங்க சிஸ்டர். அப்புறம் லைட்ரூம் மென்பொருளில் டெம்பரேச்சர் ஸ்லைடரை இழுத்துப் பச்சைக்குக் கொண்டுவந்துவிடலாம். ஜேபெக்கில் எடுத்தால்தான் இந்தத் தலைவலி எல்லாம்.

சத்துவாச்சாரி பழைய ஸ்டுடியோ:

மணி தம்பி சொன்னது பாதி சரி. ரா ஃபைலில் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஸ்லைடரை எங்கே நிறுத்துவது? பூச்சி பறந்து போய்விட்டது, மிச்சம் இருப்பது ஞாபகம் மட்டும். ஞாபகத்தில் இருக்கும் பச்சை நாளுக்கு நாள் அழகாகிக்கொண்டே போகும். அதை நம்பி ஸ்லைடர் இழுத்தவர்களின் படங்களைத்தான் கிளிப்பச்சை நிறத்தில் தினமும் பார்க்கிறோம்.

நான் ஃபிலிம் காலத்திலிருந்து வேலூரில் ஸ்டுடியோ வைத்திருந்தவன். கல்யாண ஆல்பம்தான் பிழைப்பு. ஆல்பம் கொடுக்கிற அன்றைக்குப் பெண் வீட்டார் ஆரணிப் பட்டுப்புடவையைப் பையில் எடுத்துக்கொண்டே வருவார்கள். மேஜையில் புடவையை விரித்துப் பக்கத்தில் படத்தை வைத்து, "இது எங்க புடவை இல்லையே" என்பார்கள். மண்டபத்தில் வீடியோக்காரரின் ஹாலஜன் ஒரு பக்கம், டியூப்லைட் ஒரு பக்கம், என் ஃபிளாஷ் ஒரு பக்கம். மூன்று ஒளியும் கலந்த இடத்தில் எந்தப் பேப்பரில் பிரிண்ட் போட்டாலும் புடவை வராது. கயல், உங்கள் பின்கட்டில் நடப்பதும் அதேதான். அதனால் கணினியை விட்டுவிட்டு முதலில் ஒளியைப் பார்ப்போம்.

வேட்டியிலிருந்து தொடங்குகிறேன். அது வெள்ளை இல்லை. சலவைப் பவுடர்களில் துணியைப் பளிச்சென்று காட்டுவதற்கென்றே ஒரு ஒளிர்வுப் பொருள் சேர்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி நீல ஒளியாக வெளியே விடுவது அதன் வேலை. வெயிலிலேயே அது வேலை செய்யும். நீங்களோ பக்கத்திலேயே யூவி டியூப் வைத்திருக்கிறீர்கள். அந்த டியூபின் 365 நானோமீட்டர் ஒளி பட்டதும் வேட்டி 440 நானோமீட்டரை ஒட்டிய நீலத்தில் தானே விளக்காக எரிகிறது. பத்தாததற்கு அலசும்போது நீலம் வேறு போட்டிருப்பார்கள். இப்போது சொட்டுக்குழாயை அதன்மேல் வைத்தால் மென்பொருள் என்ன நினைக்கும்? "ஐயோ, படம் முழுக்க நீலமாக இருக்கிறது" என்று எல்லாவற்றிலும் மஞ்சளைக் கொட்டும். பூச்சியின் இறக்கை நீலமாக ஒளிரவில்லை, வேட்டி மட்டும்தான் ஒளிர்ந்தது. ஆனால் மஞ்சள் பூச்சிக்கும் சேர்த்து விழுகிறது. கேமராவின் ஆட்டோ ஒயிட் பேலன்ஸும் வேட்டியைப் பார்த்துத்தான் ஏமாறுகிறது. உங்கள் கடுகு மஞ்சள் வருகிற வழி இது.

ரோஜா பழுப்பானதற்குக் காரணம் அந்த 12 வாட் பல்பு. வெள்ளை எல்இடி என்பது உள்ளே ஒரு நீல எல்இடி, அதன்மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சு. நீலம் 450 பக்கம் தூக்கலாக இருக்கும், 480 பக்கம் பள்ளம், ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. பெட்டியில் சிஆர்ஐ 80 என்று போட்டிருப்பார்கள், நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான எண் அது. அந்த எண் எட்டு வெளிர் நிறங்களை மட்டும் சோதித்து எடுத்த சராசரி. அடர் சிவப்புக்கு ஆர்9 என்று தனி எண் உண்டு, சராசரியில் அதைச் சேர்ப்பதில்லை. மலிவான பல்புகளில் அது சுழியை ஒட்டியே இருக்கும். ஒளியில் இல்லாத சிவப்பைப் பூச்சி எங்கிருந்து திருப்பி அனுப்பும்? இதை ரா ஃபைலாலும் மீட்க முடியாது, மணி தம்பி.

ஃபிளாஷ் அப்படி இல்லை. செனான் குழாய், பகல் ஒளியைப் போல எல்லா நிறமும் தொடர்ச்சியாக இருக்கும். ஆகவே படத்தை ஃபிளாஷ் மட்டுமே எடுக்க வேண்டும். பல்பு பூச்சியைக் கூப்பிடுவதற்கும் நீங்கள் ஃபோகஸ் பார்ப்பதற்கும் மட்டும். ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/200, அப்பர்ச்சர் எஃப்/8 அல்லது 11 வைத்து, ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். படம் கரியாக இருட்டாக வந்தால் பல்புக்கும் வேட்டிக்கும் இனி அங்கே பேச்சில்லை. லேசாகவாவது ஏதாவது தெரிந்தால் பல்பைத் தள்ளி வையுங்கள். முடிந்தால் பூச்சியை ஒரு குச்சியில் ஏற்றி மறுபக்கம் கொண்டுபோய் எடுங்கள். அரளிப் பருந்து உட்கார்ந்துவிட்டால் சாதுதான், அவசரப்படாமல் குச்சியை முன்காலுக்குக் கீழே கொடுத்தால் ஏறிக்கொள்ளும்.

அடுத்து, நடுநிலையான வெள்ளை ஒன்று வேண்டும். இதற்கென்றே விற்கும் சாம்பல் அட்டை, கிரே கார்டு, வாங்கலாம். அதைவிட மலிவாக ஹார்டுவேர் கடையில் குழாய் மரைக்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப் கேளுங்கள், டீக்காசுக்குக் கிடைக்கும். டெஃப்லானில் ஒளிர்வுப் பொருள் கிடையாது. கண்ணுக்குத் தெரியும் நிறங்கள் எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே அளவில் திருப்பி அனுப்பும். ஐஸ் குச்சியின் நுனியில் பத்துப் பன்னிரண்டு சுற்று, பின்னால் இருக்கும் மரம் தெரியாத அளவுக்குத் தடிப்பாகச் சுற்றுங்கள். பூச்சி உட்கார்ந்த இடத்தில், அதே ஃபிளாஷில், அதே டிஃப்யூசர் (ஃபிளாஷ் ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் மறைப்பு) வழியாக அந்தக் குச்சியை ஒரு படம். சொட்டுக்குழாயை அதில் வைத்து, வந்த எண்ணை அன்றைய இரவின் எல்லாப் படங்களுக்கும் போட்டுவிடலாம். டேப் வெடித்த வெள்ளையாக வந்துவிடக் கூடாது. கொஞ்சம் சாம்பலாக இருந்தால்தான் சொட்டுக்குழாய் சரியாகப் படிக்கும்.

டிஃப்யூசர் வழியாக என்று சொன்னதைக் கவனியுங்கள். டிரேசிங் பேப்பர், பால் கவர், ஐஸ்கிரீம் டப்பா மூடி என்று ஆளாளுக்கு ஒன்று கட்டுகிறோம். எல்லாவற்றுக்கும் ஒரு சாயல் உண்டு. பழைய பிளாஸ்டிக் மஞ்சளாகியிருக்கும். டேப்பும் அதே வழியாகப் போனால் அந்தச் சாயலும் கணக்கில் வந்துவிடும்.

லேப்டாப் மங்கலுக்கு உங்கள்மேலோ கேமராமேலோ குற்றமில்லை. விலை குறைந்த லேப்டாப் திரைகள், திரைகளுக்கான பொது நிற அளவான எஸ்ஆர்ஜிபியில் உள்ள பச்சையையே முழுதாகக் காட்டாது. போன் திரை அதற்கு நேர்மாறு, 'விவிட்' என்று வைத்து விற்கிறார்கள். செட்டிங்ஸில் 'நேச்சுரல்' என்று மாற்றிவிட்டு, படத்தை எஸ்ஆர்ஜிபியில் சேமித்துப் போனில் பாருங்கள். இப்போதைக்கு அதுவே போதும்.

ஒடுகத்தூர் கயல்:

சார், ரொம்ப நன்றி. டெஃப்லான் டேப் வீட்டிலேயே இருந்தது, மோட்டாருக்கு வாங்கியது. நேற்று மழை தூறியதும் முயன்று பார்த்தேன். அரளிப் பருந்து வந்துவிட்டது! பாட்டியே ஒப்புக்கொண்டார்.

ஆனால் நிலாப்பூச்சி (ஆக்டியாஸ் செலினி) இன்னும் வெள்ளையாகத்தான் வருகிறது. பின்னால் ஒதிய மரம் இருக்கிறது, அதன் அடிமரத்தில் உட்கார்ந்திருந்தது. நேரில் இளம் பச்சை, படத்தில் காகிதம். இன்னொன்று, முன் இறக்கையில் தங்கத் தகடு ஒட்டியதுபோல் ஒரு சின்னப் பூச்சி வந்தது. ஒரு படத்தில் தங்கம், அடுத்த படத்தில் வெறும் பழுப்பு. இதில் டேப் என்ன செய்யும்? அப்புறம் சும்மா ஒரு சந்தேகம்: இருட்டில் திரிகிற பூச்சிக்குச் 'சரியான நிறம்' என்று ஒன்று உண்டா என்ன?

அணைக்கட்டு கத்திரித் தோட்டம்:

நான் படக்காரன் இல்லை. இலவம்பாடிப் பக்கம் முள் கத்திரி வைக்கிறோம், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே கத்திரிதான். இந்தப் பேச்சு எனக்கும் வேண்டியதாக இருப்பதால் நடுவில் வருகிறேன்.

எங்களுக்குப் பெரிய எதிரி தண்டு, காய் இரண்டையும் துளைக்கிற புழு. அதன் தாய்ப்பூச்சி சின்னதாக, வெள்ளை இறக்கையில் செம்பழுப்புத் திட்டுகளோடு இருக்கும். இனக்கவர்ச்சிப் பொறியில் விழுந்ததைப் பையன்கள் போனில் டார்ச் அடித்து எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். படத்தில் திட்டே தெரியாது, மொத்தமும் வெள்ளை. அப்புறம் இது அதுவா இல்லையா என்று பொழுதுக்கும் வாதம். திட்டும் அதன் நிறமும் தெரிந்தால்தான் எங்களுக்கு அந்தப் படத்தால் பிரயோசனம். மருந்து அடிப்பதா வேண்டாமா என்பது அதைப் பொறுத்தது.

கயல் பாப்பா சொன்ன தங்கத் தகடு பூச்சியின் புழு காவடிப் புழு வகை. முதுகைத் தூக்கித் தூக்கி நடக்கும், இலையைத் தின்னும்.

சத்துவாச்சாரி பழைய ஸ்டுடியோ:

கத்திரித் தோட்டத்து ஐயா சொன்னதும் நிலாப்பூச்சிக் கதையும் ஒன்றே, அதனால் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கேமராவும் ஃபிளாஷும் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரவே பார்க்கும். கறுத்த மரப்பட்டையில் வெளிர் பூச்சி உட்கார்ந்தால், பட்டையைச் சாம்பலாக்க ஃபிளாஷ் கூடுதலாக அடிக்கும், பூச்சி எரிந்து போகும். நிலாப்பூச்சியின் பச்சை மிக மெல்லியது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்று எண்களில் பச்சை மட்டும் கொஞ்சம் மேலே நிற்கிறது, அந்தக் கொஞ்சம்தான் நாம் பார்க்கும் நிறம். வெளிச்சம் மிஞ்சினால் மூன்றும் 255-இல் போய் முட்டும், வித்தியாசம் காணாமல் போகும். ஃபிளாஷ் அளவை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறையுங்கள். ஹிஸ்டோகிராம் என்கிற வெளிச்ச வரைபடத்தை மூன்று நிறமும் தனித்தனியாகக் காட்டும்படி வைத்து, எதுவும் வலது சுவரில் முட்டாமல் பாருங்கள். பழம் குத்தும் அந்துப்பூச்சி யூடோசிமா வந்தாலும் இதே எச்சரிக்கை வேண்டும். பின் இறக்கையின் ஆரஞ்சில் சிவப்பு மட்டும் முதலில் முட்டும், ஆரஞ்சு தட்டையான மஞ்சளாகிவிடும், ஒற்றை வெள்ளை ஹிஸ்டோகிராம் அதைக் காட்டிக்கொடுக்காது.

போனில் எடுப்பவர்கள் டார்ச்சை நேரே அடிக்காமல் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைத் தாள் வழியாக அடித்து, திரையில் பூச்சியைத் தொட்டு, வெளிச்சக் கோட்டைக் கீழே இழுத்து எடுத்தால் செம்பழுப்புத் திட்டு தெரியும், ஐயா.

இப்போது தங்கத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்கு அலுக்காது. உங்களுக்கு வந்தது தைசனோப்ளூசியா ஓரிகால்சியாவாக இருக்கலாம், படத்தைப் போடுங்கள். அந்துப்பூச்சியின் இறக்கையில் செதில்கள் ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கியிருக்கும், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நீளம் இருக்கலாம். பெரும்பாலான பூச்சிகளில் ஒரு செதிலுக்கு ஒரு நிறம். இரண்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் தூரத்தில் காக்கியாகத் தெரிந்த இடம் கரும்பழுப்பு, வெளிர் மஞ்சள், சாம்பல் செதில்கள் கலந்து கிடக்கும் இடம் என்று தெரியும். இதனால்தான் இரைச்சல் நீக்கும் வசதியை நான் அணைத்தே வைக்கிறேன். அது பக்கத்துப் பக்கத்துச் செதில்களைக் குழைத்துச் சேறாக்கிவிடும், பழுப்புப் பூச்சிகள் எல்லாம் ஒரே பழுப்பாகத் தெரிவது பாதி இதனால்தான்.

அந்தத் தங்கத் தகட்டில் கதை வேறு. அங்கே மினுங்குவது சாயம் மட்டும் இல்லை, செதிலின் அமைப்பு. ஒளி வருகிற கோணமும் நீங்கள் பார்க்கிற கோணமும் பொருந்தினால்தான் தங்கம். ஆரணியில் பாவு ஒரு நிறம் ஊடை ஒரு நிறம் கொடுத்து நெய்த புடவையைத் திருப்பினால் மயில் கழுத்து நீலம் பச்சையாகிறதே, அந்தப் புடவைக்கு 'சரியான நிறம்' எது என்று கேட்டால் நெசவுக்காரர் சிரிப்பார். என் ஆல்பத்தில் அந்தப் புடவைகளுக்கு இரண்டு படம் வைப்பேன். பூச்சிக்கும் அதையே சொல்கிறேன்: ஃபிளாஷ் தலைக்கு மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் தாழ இருந்து ஒன்று. இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். டிஃப்யூசர் அகலமாக இருந்தால் தங்கம் பரவலாகத் தெரியும், சிறிதாக இருந்தால் ஒரே ஒரு வெள்ளைப் பொட்டாக வெடிக்கும்.

இதன் உச்சம் மடகாஸ்கரின் சூரியாஸ்தமன அந்துப்பூச்சி, கிரிசிரிடியா ரைஃபியஸ். பகலில் பறக்கும். 1773-இல் அதற்குப் பெயர் வைத்த ஆங்கிலேயப் பூச்சியியலாளர் ட்ரூரி வண்ணத்துப்பூச்சி என்றே நினைத்துவிட்டார். அதன் செதில்கள் வளைந்தவை. ஒரு செதிலில் பட்ட ஒளி பக்கத்துச் செதிலிலும் பட்டுத் திரும்புகிறது, இரண்டு நிறம் கலக்கிறது. லென்ஸில் போலரைசரை (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) சுழற்றினால் நிறமே மாறும். ஒசாகா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2007-இல் இதை விளக்கி எழுதினார்கள்.

அதனால் போலரைசர் விஷயத்தில் எச்சரிக்கை. ஃபிளாஷில் ஒரு போலரைசர் ஷீட்டும் லென்ஸில் அதற்குக் குறுக்காக ஒன்றும் போட்டால் செதிலின் பளபளப்பு முழுக்க அடங்கி, உள்ளே இருக்கும் சாயம் கொழுகொழுவென்று தெரியும். அரளிப் பருந்தின் பச்சையும் ரோஜாவும் அதில் அள்ளும். ஆனால் தங்கத் தகட்டுக்குப் போட்டீர்களோ, தங்கம் செத்தது. இரண்டு மூன்று ஸ்டாப் ஒளியும் போய்விடும், ஃபிளாஷை ஏற்ற வேண்டும்.

கடைசிச் சந்தேகத்துக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நடுப்பகல் வெயிலில் நம் கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அதைச் 'சரி' என்று வைத்துக்கொள்கிறோம். அது நாமாகச் செய்துகொண்ட ஏற்பாடு. பூச்சிக்கு அதில் பங்கு கிடையாது. ஐரோப்பாவின் டெய்லிஃபிலா எல்பினார் என்ற பருந்து அந்து நட்சத்திர வெளிச்சத்திலேயே நிறம் பிரித்துப் பார்க்கும் என்று 2002-இல் காட்டியிருக்கிறார்கள். அதற்குப் புற ஊதாவும் தெரியும், நமக்குத் தெரியாது. அதற்காக உங்கள் பச்சை கடுகு மஞ்சளாக இருக்கலாம் என்று ஆகிவிடாது!

இன்னொன்று. நள்ளிரவோடு விளக்கை அணைத்துவிடுங்கள். விடியும்வரை எரிந்தால் இரட்டைவால் குருவி வேட்டிக்கு முன்னால் வரிசையில் வந்து உட்கார்ந்துவிடும். காட்டுக்குள் போய் விளக்குக் கட்டுவதானால் வனத்துறை அனுமதி இல்லாமல் வேண்டாம். உங்கள் பின்கட்டே போதும்.

ராணிப்பேட்டை மணி:

அண்ணா, அந்த ஆர்9 சமாச்சாரம் எனக்குப் புதுசு. பல்புப் பெட்டியைத் தேடிப் பார்த்தேன், அந்த எண்ணையே போடவில்லை. சரி, ஃபிளாஷுக்கு ஒட்டுகிற போலரைசர் ஷீட் நம்ம ஊரில் கிடைக்குமா? ஆன்லைனில் விலை எகிறுது.

சத்துவாச்சாரி பழைய ஸ்டுடியோ:

வாங்காதீங்க தம்பி. மானிட்டர், டிவி ரிப்பேர் கடையில் உடைந்த எல்சிடி பேனல் ஒன்று கேளுங்கள், சும்மாவே தருவார்கள். அதன் முன்னும் பின்னும் ஒட்டியிருப்பது போலரைசர் ஷீட்தான். கண்ணாடி கையைக் கிழிக்காமல் ஓரத்தில் மெதுவாக உரித்தால் வந்துவிடும். பின்பக்கத்து ஷீட்டை எடுங்கள், முன்பக்கத்தில் பெரும்பாலும் கூச்சம் தடுக்கும் சொரசொரப்பு இருக்கும். ஒட்டியிருக்கும் பசையை ஸ்பிரிட்டில் துடைத்துவிடலாம். ஃபிளாஷின் கண்ணாடியோடு ஒட்டி வைக்காமல் ஒரு விரல் இடைவெளி விடுங்கள், சூட்டில் சுருங்கும். அப்புறம் டெஃப்லான் குச்சியை மறுபடியும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், சில ஷீட்டுகளில் லேசாக ஒரு சாயல் இருக்கும்.